முதல் தடவை பூட்டான் போறவங்களுக்கு: பிளான் போடுறதுல இருந்து புலிக்குகை வரைக்கும்

பூட்டானோட பரப்பளவு கிட்டத்தட்ட கேரளா அளவுதான், 38,000 சதுர கிலோமீட்டர் சொச்சம். மேப்ல பாத்தா ஒரு வாரத்துல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. முதல் தடவை அம்மாவையும் கூட்டிட்டுப் போனப்ப திம்புல இருந்து பும்தாங் 270 கிலோமீட்டர்தானேன்னு ஒரே நாள்ல போட்டுட்டேன், காலைல 7 மணிக்கு ஏறினவங்க நல்லா இருட்டினதுக்கு அப்புறம்தான் போய்ச் சேந்தோம், அம்மாவுக்கு ரெண்டு காலும் வீங்கிடுச்சு, வழியில எத்தனை தடவை வாந்தி எடுத்தாங்கன்னு கணக்கே இல்ல. மறுநாள் முழுக்க ரூம்லயே படுத்திருந்தாங்க. அதுக்கு மறுநாள் திரும்பி வர அதே ரோடு. அவ்வளவு தூரம் போயும் பும்தாங்ல ஜன்னல் வழியா பாத்த ஒரு ஆப்பிள் தோட்டம்தான் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு.

அதனால பிளான் போட உக்காரும்போதே ஒண்ணை மனசுல வச்சுக்குங்க. அங்க கிலோமீட்டர் கணக்கு செல்லாது, மணிக்கணக்குதான். மலை ரோட்டுல மணிக்கு 30 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். பாக்குற ஊரைக் குறைங்க, ஒவ்வொரு ஊர்லயும் ராத்திரியைக் கூட்டுங்க. கீழ நான் சொல்றதெல்லாம் இந்தக் கணக்குல இருந்துதான் வருது. இந்தியப் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன், மத்த நாட்டுக்காரங்களுக்கு ரூல் வேற, அதையும் நடுவுல சொல்லிடறேன்.

எந்த மாசம்

மார்ச் பாதியில இருந்து மே வரைக்கும் ஒரு சீசன், செப்டம்பர் கடைசியில இருந்து நவம்பர் வரைக்கும் இன்னொரு சீசன். முதல் சீசன்ல மலைச்சரிவு பூரா ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடக்கும். ஆனா பனிமலை பாக்கணும்னு ஆசை இருந்தா ரெண்டாவது சீசன்தான், அக்டோபர் நவம்பர்ல வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். ஜூன் ஜூலை ஆகஸ்ட் வேண்டாம். பச்சைப்பசேல்னு அழகா இருக்கும், ஹோட்டலும் சல்லிசாக் கிடைக்கும், ஆனா எல்லை ஊரான புன்ட்ஷோலிங்ல இருந்து மேல ஏறுற ரோட்டுல மண்சரிவு ஆச்சுன்னா அரை நாள் அப்படியே நிக்கணும். திரும்புற ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வச்சிருக்கவங்களுக்கு அந்த அரை நாள்ல உயிரே போயிடும். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பகல்ல நல்ல வெயில் அடிக்கும், ராத்திரி பாரோலயும் திம்புலயும் பூஜ்யத்துக்குக் கீழ போகும், மேல இருக்குற கணவாய்கள்ல பனி விழும். குளிர் தாங்குவீங்கன்னா கூட்டமே இல்லாம பாக்க அது நல்ல நேரம்.

முகமூடி போட்டு ஆடுற செச்சு திருவிழாவைப் பாக்கணும்னா தேதியை முதல்ல பாருங்க, பாரோ செச்சு மார்ச் ஏப்ரல் வாக்குல வரும், திம்பு செச்சு செப்டம்பர் அக்டோபர் வாக்குல. அவங்க சந்திரன் கணக்குப்படி வைக்கிறதால வருஷா வருஷம் தேதி மாறும். அந்த வாரத்துல ரூம் கிடைக்கிறது கஷ்டம், ரெண்டு மூணு மாசம் முன்னாடியே போட்டுடுங்க.

பேப்பர் வேலை, இதுல அவசரம் ஆகாது

இந்தியர்களுக்கு விசா கிடையாது, ஆனா பெர்மிட் வேணும். அதுக்கு ரெண்டுல ஒரு ஆவணம், ஒண்ணு ஆறு மாசமாவது செல்லுபடி ஆகுற பாஸ்போர்ட், இல்லன்னா ஒரிஜினல் வாக்காளர் அட்டை. ஆதார் செல்லாது. டிரைவிங் லைசென்ஸ் செல்லாது, பான் கார்டு செல்லாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஒவ்வொரு குரூப்லயும் ஒருத்தர் ஆதாரை மட்டும் எடுத்துட்டு வந்து கவுன்ட்டர்ல நிப்பாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்களுக்குப் பாஸ்போர்ட் இல்லன்னா பிறப்புச் சான்றிதழ் வேணும், கூட பெரியவங்க இருக்கணும். சில ஊர்ல சான்றிதழ் தமிழ்ல மட்டும் இருக்கும், அப்படி இருந்தா கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆங்கிலத்துல வாங்கி வச்சுடுங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் இருக்குற ஒரு தொல்லை, இனிஷியல். வாக்காளர் அட்டையில பேர் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரை விரிச்சு எழுதியிருக்கும், ரயில் டிக்கெட்ல எஸ் போட்டு இருக்கும். வடக்க இருக்குற ஆபீசருக்கு இனிஷியல்னா என்னன்னே சில சமயம் புரியாது. எந்த அட்டையைக் காட்டப்போறீங்கன்னு முதல்லயே முடிவு பண்ணி, அதுல இருக்குற ஸ்பெல்லிங்கை அப்படியே எல்லா ஃபாரத்துலயும் போடுங்க, ஹோட்டல் புக்கிங்லயும் சேத்து.

பூட்டான் குடிவரவுத் துறையோட வெப்சைட்ல ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். அட்டையோட ஸ்கேன், போட்டோ, எந்தத் தேதி உள்ள போறீங்க எப்ப வெளிய வர்றீங்க, எங்க தங்குறீங்க, இவ்வளவுதான். கட்டணத்தையும் அங்கயே கார்டுல கட்டிடலாம். பெர்மிட் வர சில வேலை நாள் ஆகும், அதனால குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுடுங்க. புன்ட்ஷோலிங் போய் அங்க கவுன்ட்டர்லயும் பண்ணலாம், ஆனா அரை நாளை வரிசைக்குக் கொடுக்கணும். லீவு நாளாப் பாத்துப் போய் மாட்டிக்கிறவங்களும் உண்டு.

கட்டணக் கணக்கு

இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்னு ஒண்ணு இருக்கு, எல்லாரும் எஸ்டிஎஃப்னுதான் சொல்வாங்க. இந்தியர்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1200 ரூபா. ஆறுல இருந்து பன்னண்டு வயசு வரைக்கும் பாதி, அதுக்குக் கீழ கிடையாது. மத்த நாட்டுக்காரங்களுக்கு 2022 செப்டம்பர்ல 200 டாலர்னு வச்சாங்க, 2023-ல 100 டாலராக் குறைச்சாங்க, அவங்களுக்கு விசாவும் தனியா வேணும். சிங்கப்பூர் பாஸ்போர்ட் வச்சிருக்க சித்தப்பாவும் கூட வர்றார்னா அவர் கணக்கு முழுக்க வேறன்னு ஞாபகம் வச்சுக்குங்க. விண்ணப்பிக்கும்போது ரேட்டை ஒரு தடவை சரி பாத்துடுங்க, இதுவரைக்கும் அடிக்கடி மாத்தியிருக்காங்க.

ஏழு ராத்திரின்னு வச்சா ஒரு ஆளுக்கு 8400 ரூபா. நாலு பேர் குடும்பம்னா 33,600. இதைப் பாத்துட்டு நெறைய பேர் என்ன பண்றாங்கன்னா, ராத்திரிக்குத்தானே காசுன்னு ஏழு நாளை நாலா சுருக்கி, நாலு நாள்ல திம்பு புனாகா பாரோ மூணையும் அடிச்சுட்டு வந்துடறாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. சென்னையில இருந்து அங்க போய்ச் சேரவே ரெண்டு நாள், திரும்ப ரெண்டு நாள், அவ்வளவு செலவு பண்ணிட்டு உள்ள நாலே நாள் கார்ல உக்காந்து ஓடினா அந்த 1200 ரூபாயை மிச்சம் பிடிச்சு என்ன பிரயோசனம்? காசு இடிக்குதுன்னா ஊரைக் குறைங்க, ராத்திரியைக் குறைக்காதீங்க. பாரோலயும் திம்புலயும் மட்டும் அஞ்சு ராத்திரி தங்கிட்டு வந்தாக்கூட மனசு நிறைஞ்சு வரும்.

இது போக பெரிய கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் நுழைவுக் கட்டணம் இருக்கு, இடத்தைப் பொறுத்து ஒரு ஆளுக்கு 500-ல இருந்து 2000 வரைக்கும். இதைக் கணக்குல சேக்காம போய் அங்க திணறுறவங்க ஜாஸ்தி. எந்தெந்த இடத்துக்கு உள்ள போகப்போறோம்னு முன்னாடியே எழுதிக் கூட்டிப் பாத்துடுங்க, எல்லாத்துக்குள்ளயும் போகணும்னு அவசியமே இல்ல, நிறைய இடம் வெளிய நின்னு பாத்தாலே அழகு.

அவங்க காசுக்குப் பேர் ஙுல்ட்ரம். நம்ம ரூபாயும் அதுவும் ஒண்ணுக்கு ஒண்ணு, நம்ம ரூபாயை எங்கயும் வாங்கிக்குவாங்க. ஆனா 500 ரூபா நோட்டை சின்னக் கடையில வாங்கத் தயங்குவாங்க, அதனால 100 ரூபா நோட்டா ஒரு கட்டு எடுத்துட்டுப் போங்க. 2021-லயே யுபிஐ அங்க வந்துடுச்சு, அதை மட்டும் நம்பிப் போகாதீங்க, மலைமேல சிக்னல் இல்லாத கடையில கையில காசு இருந்தாத்தான் சோறு. திரும்பும்போது மிச்சம் இருக்குற ஙுல்ட்ரமை எல்லையில நம்ம பக்கம் இருக்குற ஜெய்காவ்லயே செலவு பண்ணிடுங்க, அங்க வாங்குவாங்க, பக்கத்து ரயில் நிலையமான ஹாசிமாரா தாண்டினா யாரும் வாங்க மாட்டாங்க.

எப்படிப் போறது

ரெண்டு வழி. ஒண்ணு விமானம், பாரோவுக்கு. ட்ரூக் ஏர், பூட்டான் ஏர்லைன்ஸ் ரெண்டும்தான் போகுது, கொல்கத்தாவுல இருந்தும் டெல்லியில இருந்தும் கிடைக்கும். கொல்கத்தாவுல இருந்து ஒரு மணி நேரம் சொச்சம்தான். டெல்லியில இருந்து போனா இடது பக்க ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்குங்க, வானம் தெளிவா இருந்தா எவரெஸ்ட் தெரியும். பாரோ ஏர்போர்ட் மலைகளுக்கு நடுவுல ஒரு ஒடுக்கமான பள்ளத்தாக்குல இருக்கு, பைலட் கண்ணால பாத்துத்தான் இறக்கணும், அதனால பகல்ல மட்டும்தான் விமானம். மேகம் கூடிட்டா லேட் ஆகும், சில சமயம் அன்னைக்கு ரத்தே ஆகும். அதனால திரும்பி வர்ற அன்னைக்கே கொல்கத்தாவுல இருந்து சென்னைக்கு அடுத்த ஃபிளைட்டைப் போடாதீங்க, ஒரு ராத்திரி இடைவெளி விடுங்க.

இன்னொண்ணு தரை வழி, செலவு கம்மி, எனக்குப் பிடிச்சதும் இதுதான். சென்னையில இருந்து நியூ ஜல்பாய்குரிக்கு நேர் ரயில் இருக்கு, ரெண்டு ராத்திரி ஆகும். இல்லன்னா பாக்டோக்ராவுக்கு ஃபிளைட். அங்க இருந்து ஜெய்காவ் 150 கிலோமீட்டர் வாக்குல, டாக்ஸியில நாலு அஞ்சு மணி நேரம், வழி பூரா தேயிலைத் தோட்டம். ஹாசிமாரா வரைக்கும் ரயில் கிடைச்சா இன்னும் வசதி, அங்க இருந்து ஜெய்காவ் 18 கிலோமீட்டர்தான்.

ஜெய்காவ் மேற்கு வங்காளத்துல இருக்கு, நடுவுல ஒரு கேட், அந்தப் பக்கம் புன்ட்ஷோலிங். இந்தப் பக்கம் ஒரே ஆட்டோ ஹாரன், தள்ளுவண்டி, கூச்சல். கேட்டைத் தாண்டி பத்து அடி வச்சா திடீர்னு அமைதி, வண்டிக்காரன் நீங்க ரோட்டைக் கடக்குறதுக்காக நிறுத்திட்டு நிப்பான். அந்த பத்து அடியில என்ன நடந்துச்சுன்னு முதல் தடவை பாக்குறவங்களுக்குப் புரியவே புரியாது. ராத்திரி ஜெய்காவ்ல தங்கிட்டு காலைல உள்ள போனா அந்த ராத்திரிக்குக் கட்டணம் கிடையாது. நடந்து போறவங்களுக்குத் தனி டெர்மினல் இருக்கு, ஆவணத்தைக் காட்டி, போட்டோ கைரேகை கொடுத்துட்டுப் போகணும். அவங்க நேரம் நம்மளை விட அரை மணி முன்னால, அங்க 9 மணின்னா நம்ம போன்ல 8.30, இதை மறந்தா முதல் நாளே லேட்.

நம்ம காரை எடுத்துட்டுப் போகலாமான்னு கேக்குறாங்க. போகலாம், ஆனா 2022-ல இருந்து புன்ட்ஷோலிங் தாண்டி இந்திய வண்டி போனா ஒரு நாளைக்கு 4500 ரூபான்னு வச்சாங்க. அதுக்கு அங்க இருக்குற டிரைவரோட கார் எடுத்துக்கிறது எவ்வளவோ மேல், அவங்களுக்கு அந்த ரோட்டுல ஒவ்வொரு வளைவும் தெரியும்.

கைடு, கார்

திம்பு, பாரோ ரெண்டையும் தாண்டிப் போகணும்னா லைசென்ஸ் வாங்கின கைடு கட்டாயம் வேணும். புனாகாவே அந்த எல்லைக்கு வெளியதான் வருது. காசு தண்டம்னு நினைக்காதீங்க. கோட்டைக்குள்ள இருக்குற சுவரோவியம் எல்லாத்துக்கும் ஒரு கதை இருக்கு, கைடு இல்லாம பாத்தா வெறும் கலர்தான். கைடையும் டிரைவரையும் அங்கயே இருக்குற டூர் ஆபீஸ் மூலமாப் பிடிக்கிறது நல்லது, ரேட் பேசும்போது அவங்க சாப்பாடு, தங்குறது, பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் உள்ள சேந்திருக்கான்னு எழுத்துல வாங்கிக்குங்க. நான் முதல் தடவை இங்க ஒரு ஏஜென்ட் மூலமாப் போனேன், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேத்துத்தான்னு வாயால சொன்னாங்க, அங்க போனப்ப ஒவ்வொரு வாசல்லயும் நான்தான் கட்டினேன். வாட்ஸப்ல ஒரு வரி எழுதி வாங்கியிருந்தாப் போதும், அந்தச் சண்டையே வந்திருக்காது.

நாள் கணக்கு, முதல் தடவைக்கு

நான் இப்ப யார் கேட்டாலும் இந்த வரிசைதான் சொல்றேன்.

முதல் நாள் புன்ட்ஷோலிங்ல இருந்து திம்பு, 150 கிலோமீட்டர் சொச்சம், அஞ்சு ஆறு மணி நேரம். முன்னூறு மீட்டர் உயரத்துல இருந்து 2300 மீட்டருக்கு ஏறுறீங்க, கெடு பக்கத்துல மேகம் ரோட்டுலயே உக்காந்திருக்கும். இந்த ரோட்டைப் போட்டது இந்தியாவோட எல்லைச் சாலை அமைப்புதான், அந்தத் திட்டத்துக்குத் தண்டக்னு பேர், 1961-ல ஆரம்பிச்ச வேலை. வழியில சூஸோம்ல ரெண்டு ஆறு சேருது, அங்க பூட்டான், திபெத், நேபாளம்னு மூணு பாணியில மூணு சோர்ட்டன், அதாவது ஸ்தூபி, பக்கத்துல பக்கத்துல நிக்கும், இறங்கி ஒரு கால் மணி நேரம் நில்லுங்க.

ரெண்டாவது நாள் திம்பு. மலைமேல 51 மீட்டர் உயர புத்தர் சிலை, சாயங்காலம் தாஷிச்சோ கோட்டை, அதோட நேஷனல் மெமோரியல் சோர்ட்டன். அந்த சோர்ட்டனுக்குக் காலைல போங்க, வயசானவங்க ஜெபமாலையை உருட்டிக்கிட்டே சுத்தி வந்துக்கிட்டு இருப்பாங்க, நம்ம ஊர்க் கோயில் பிரகாரத்துல பாட்டிங்க உக்காந்து கதை பேசுற மாதிரியே ஒரு ஓரமா பிளாஸ்க்ல டீ வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. தலைநகர்ல சிக்னல் லைட்டே கிடையாது, நடுரோட்டுல வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் கையால காட்டுறதுதான்.

மூணாவது நாள் டோச்சுலா வழியா புனாகா, 75 கிலோமீட்டர், மூணு மணி நேரம் வைங்க. டோச்சுலா 3100 மீட்டர், அங்க 108 சோர்ட்டன் இருக்கு, 2003 டிசம்பர்ல அஸ்ஸாம் தீவிரவாதிகளை வெளியேத்தின சண்டையில செத்துப்போன வீரர்கள் ஞாபகமா ராணி அம்மா கட்டினது. சீக்கிரமாப் போனா பனிமலை வரிசை தெரியும், பத்து மணிக்கு மேல மேகம் மூடிடும். அப்புறம் இறங்க இறங்க சூடு கூடும், புனாகா 1200 மீட்டர்தான், வாழை மரமெல்லாம் பாக்கலாம். புனாகா கோட்டை 1637-ல ஆரம்பிச்சுக் கட்டினது, போ சூ, மோ சூன்னு ரெண்டு ஆறு சேருற முனையில நிக்குது, அப்பா ஆறு அம்மா ஆறுன்னு அர்த்தம் சொல்வாங்க. மரப்பாலத்தைத் தாண்டி உள்ள போய் அந்த முற்றத்துல சும்மா உக்காருங்க. நான் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், சின்னச் சின்ன பிக்குப் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் துரத்திக்கிட்டு ஓடினாங்க, பெரியவர் ஒருத்தர் மாடியில இருந்து ஒரு சத்தம் போட்டதும் அப்படியே கையைக் கட்டிக்கிட்டு வரிசையில நின்னாங்க.

நாலாவது நாள் புனாகாவிலயே இருங்க, இல்லன்னா போப்ஜிகா. போப்ஜிகா 2900 மீட்டர் வாக்குல இருக்குற ஒரு அகலமான பள்ளத்தாக்கு, அக்டோபர் கடைசியில இருந்து பிப்ரவரி பாதி வரைக்கும் திபெத்துல இருந்து கருங்கழுத்துக் கொக்கு வரும். கொக்கு அடிபடக் கூடாதுன்னு அந்த ஊருக்குக் கரன்ட் வயரையே மண்ணுக்கு அடியில கொண்டு போயிருக்காங்க. நவம்பர் 11 அன்னைக்கு காங்தே மடத்துல கொக்குத் திருவிழா. அந்த மாசம் போறவங்க கண்டிப்பா இங்க ஒரு ராத்திரி போடுங்க, மத்த மாசம்னா விட்டுடலாம்.

அஞ்சாவது நாள் பாரோவுக்கு வந்துடுங்க, அங்க மூணு ராத்திரி. ஒரு நாள் ஊர், ஒரு நாள் தக்சங்னு சொல்ற புலிக்குகைக் கோயில், எட்டாவது நாள் காலைல கிளம்பி சூஸோம் வழியா நேரா புன்ட்ஷோலிங். சேலே லா கணவாய்க்குப் போறதா இருந்தா அது 3988 மீட்டர், பாரோவுல வந்து ஒரு ராத்திரி கழிச்சுப் போங்க, மேல போய் ஓடாதீங்க, அரை மணி நேரத்துல இறங்கிடுங்க.

மூட்டையில என்ன

உடம்பைப் பத்தி ரொம்ப பயப்பட வேண்டாம், திம்புவும் பாரோவும் நம்ம ஊட்டி உயரம்தான். மூச்சு வாங்குறது கணவாய்கள்லயும் தக்சங் ஏறும்போதும்தான். பிரஷர், ஆஸ்துமா, இதயப் பிரச்சனை இருக்குறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்துட்டுப் போங்க. மலையை விட ரோட்டு வளைவுதான் ஆளைப் படுத்தும், வாந்தி மாத்திரையை வண்டி ஏறுறதுக்கு அரை மணி முன்னாடியே போடணும், தலை சுத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போட்டு பிரயோசனம் இல்ல. தினமும் சாப்பிடுற மருந்தை ரெண்டு நாள் அதிகமாவே எடுத்துக்குங்க, சீட்டோட. டிராவல் இன்ஷூரன்ஸ் ஒண்ணு போட்டுடுங்க. அங்க ஆம்புலன்சுக்கு 112, போலீசுக்கு 113.

ஸ்வெட்டர் ஒண்ணு தடியா இருக்குறதை விட மெல்லிசா மூணு மேல மேல போடுறது நல்லது, ஏன்னா ஒரே நாள்ல டோச்சுலாவுல நடுங்கி புனாகாவுல வேர்க்கும். நல்லா பழகின ஷூ, புதுசு வேண்டாம். நம்ம பிளக் பெரும்பாலும் அங்க சொருகும். சிம் கார்டு புன்ட்ஷோலிங்லயோ ஏர்போர்ட்லயோ வாங்கிடுங்க, பி-மொபைல், தாஷிசெல் ரெண்டும் இருக்கு.

முழுக்கை சட்டை, முழு பேன்ட் கண்டிப்பா எடுத்து வைங்க, பொம்பளைங்களுக்கு சுடிதார் தாராளமாப் போதும். கோட்டைக்குள்ள ஸாங்னு சொல்றாங்களே அதுக்குள்ள, அரை டிராயர், கையில்லாத சட்டை, தொப்பி எதுவும் ஆகாது. அது இன்னைக்கும் அரசாங்க ஆபீசும் மடமும் சேந்து நடக்குற இடம். கருவறைக்குள்ள போட்டோ எடுக்கக் கூடாது, செருப்பை வெளிய விடணும், சோர்ட்டனையும் ஜெபச்சக்கரத்தையும் எப்பவும் வலமாத்தான் சுத்தணும், நமக்கு அது சொல்லியே தர வேண்டாம். குசுசாங்போ லான்னா வணக்கம், கடின்சே லான்னா நன்றி. அந்த லா நம்ம பேச்சுல வர்ற ங்க மாதிரி, மரியாதைக்குச் சேக்குறது. அதை ஒரு தடவை சொல்லிப் பாருங்க, கடைக்காரம்மா முகம் மலர்ந்துடும்.

சாப்பாடு

சைவக்காரங்க கவலையே பட வேண்டாம். எமா தாட்சி அவங்க தேசியச் சாப்பாடு மாதிரி, எமான்னா மிளகாய், தாட்சின்னா சீஸ். மிளகாய் இங்க காரத்துக்குப் போடுறது இல்ல, காயே அதுதான். நீளவாக்குல கீறின பச்சை மிளகாயை வெங்காயம் தக்காளியோட கொஞ்சம் தண்ணியில வேக வச்சு மேல சீஸைப் போட்டு மூடி இறக்குறாங்க, பக்கத்துல சிவப்பரிசிச் சோறு. முதல் வாய் ஒண்ணும் தெரியாது, நாலாவது வாய்ல காதுல புகை வரும். காரம் தாங்காதவங்க கேவா தாட்சி கேளுங்க, அது உருளைக்கிழங்கு, ஷாமு தாட்சின்னா காளான். சுஜான்னு உப்பும் வெண்ணெயும் போட்ட டீ தருவாங்க, அதை டீன்னு நினைச்சுக் குடிச்சா பிடிக்காது, சூப்னு நினைச்சுக் குடிங்க. ராத்திரி சீக்கிரம் அடுப்பை அணைச்சுடுவாங்க, ஏழரை மணிக்குள்ள ஆர்டர் சொல்லிடுங்க.

தக்சங், புலிக்குகை

இதைக் கடைசிக்குப் பக்கத்துல வைக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அஞ்சு நாள் அந்த உயரத்துல இருந்து உடம்பு பழகினதுக்கு அப்புறம் ஏறினா பாதி கஷ்டம் குறையும். முதல் நாள் ஏர்போர்ட்ல இறங்கி மறுநாளே ஏறினவங்க வழியில உக்காந்து மூச்சு வாங்குறதைப் பாத்திருக்கேன்.

பௌத்த குரு பத்மசம்பவர் புலி மேல ஏறி வந்து இந்தக் குகையில தவம் இருந்தார்னு கதை. 1692-ல அங்க கோயில் கட்டினாங்க, 1998-ல தீப்பிடிச்சுப் பெரிய சேதம் ஆகி, அப்புறம் பழையபடியே திரும்பக் கட்டினாங்க. 3120 மீட்டர் உயரத்துல செங்குத்துப் பாறையோட ஒட்டிக்கிட்டு நிக்குது.

ஏழு மணிக்கு அடிவாரத்துல இருங்க. ஒரு கைத்தடி வாடகைக்கு எடுத்துக்குங்க, இறங்கும்போது முட்டிக்கு அதுதான் துணை. ஒரு லிட்டர் தண்ணி, கடலை மிட்டாய் மாதிரி ஏதாவது, குடை வேண்டாம் ரெயின்கோட் போதும். பாதி வழி வரைக்கும் குதிரை உண்டு, ஏறுறதுக்கு மட்டும்தான், இறங்க நடந்துதான் ஆகணும். பைன் காட்டு வழியா மண்பாதை, தலைக்கு மேல பிரார்த்தனைக் கொடி. ஒரு மணி நேரத்துல ஒரு கேன்டீன் வரும், அங்க இருந்து கோயில் எதிர் மலையில தெரியும். முட்டி வலி உள்ளவங்க அங்கயே உக்காந்து டீ குடிச்சுட்டுத் திரும்பினாலும் ஒரு குறையும் இல்ல, எங்கம்மா ரெண்டாவது தடவை அங்க வரைக்கும்தான் வந்தாங்க, நாங்க போயிட்டு வர்ற வரைக்கும் அந்த வெயில்ல உக்காந்து கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

கேன்டீன் தாண்டி இன்னொரு மணி நேரம். கோயில் கைக்கு எட்டுற தூரத்துல வந்துடுச்சுன்னு நினைக்கிறப்ப நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கும், நூத்துக்கணக்குல படி இறங்கி, அருவிச் சாரல் அடிக்கிற சின்னப் பாலத்தைத் தாண்டி, மறுபடியும் படி ஏறணும். எல்லாரும் சோர்ந்து போறது இங்கதான். இருபது படிக்கு ஒரு தடவை நில்லுங்க, சுவர்ப் பக்கம் சாஞ்சு நில்லுங்க, இறங்கி வர்றவங்களுக்கு வழி விடுங்க. வாசல்ல போன், கேமரா, பை எல்லாத்தையும் லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள விடுவாங்க. மதியம் ஒரு மணியில இருந்து ரெண்டு வரைக்கும் சாத்திடுவாங்க, அதனால பதினொண்ணுக்குள்ள மேல இருக்குற மாதிரி நடங்க.

உள்ள வெண்ணெய் விளக்கு எரியுற ஒரு சின்ன அறை, தரைப்பலகை ஐஸ் மாதிரி ஜில்லுன்னு உள்ளங்கால்ல ஏறும், அதுக்காகவே தடியான சாக்ஸ் போட்டுட்டுப் போங்க. பிக்கு ஒருத்தர் செம்புல இருந்து குங்குமப்பூ வாசம் அடிக்கிற தீர்த்தத்தை உள்ளங்கையில ஊத்துவார், கொஞ்சம் குடிச்சுட்டு மிச்சத்தைத் தலையில தடவிக்கணும். போட்டோ எடுக்க வழியில்லாததால எல்லாரும் சும்மா உக்காந்திருப்பாங்க.

இறங்க ரெண்டு மணி நேரம் ஆகும். அன்னைக்குச் சாயங்காலம் வேற எந்தப் பிளானும் வைக்காதீங்க, பாரோல சுடுகல் குளியல்னு இருக்கு, ஆத்துக் கல்லை நெருப்புல பழுக்கக் காய வச்சு மரத்தொட்டித் தண்ணியில போடுவாங்க, கல்லு வெடிச்சு சுருசுருன்னு சத்தம் வரும், காலை உள்ள விட்டதும் வலி இறங்குறது தெரியும். காலையிலயே ஹோட்டல்ல சொல்லி வச்சுட்டுப் போங்க, கல்லு காயவே ரெண்டு மூணு மணி நேரம் வேணும்.

திரும்புற அன்னைக்கு பாரோவுல இருந்து ஏழு மணிக்குள்ள கிளம்பிடுங்க, புன்ட்ஷோலிங்ல வெளியேறும்போது அட்டையையும் பெர்மிட்டையும் காட்டிப் பதிவு பண்ணாம வந்துடாதீங்க, அடுத்த தடவை உள்ள விடுறதுல சிக்கல் ஆகும். ரயிலை மறுநாளைக்குப் போடுங்க. ராத்திரி ஜெய்காவ்லயோ ஹாசிமாரா பக்கத்துலயோ தங்கிக்கலாம்.